ஒரு வாரப் பாய்மரப் படகுப் பயணத்தில் டால்மேஷியாவின் பழைய துறைமுக ஊர்கள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வி இதுதான். நண்பர்கள் 8 பேர் ஜூலைக் கடைசியில் குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரில் 45 அடிப் பாய்மரப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, ட்ரோகிர், ஸ்டாரி கிராட், ஹ்வார், விஸ், கோர்ச்சுலா, துப்ரோவ்னிக் என்று டால்மேஷியக் கரையின் பழைய துறைமுக ஊர்களை எல்லாம் பார்த்துவிட்டு ஸ்ப்ளிட்டுக்கே திரும்ப நினைக்கிறார்கள். இது சாத்தியமா, எந்த ஊரை விடலாம், எந்த மாதம் நல்லது என்று கேட்டிருக்கிறார்கள்.

போய்த் திரும்புவது சாத்தியம்தான். ஆனால் ஊர்களைப் பார்க்க நேரம் மிஞ்சாது. என்னுடைய பரிந்துரை, துப்ரோவ்னிக்கையும் கோர்ச்சுலாவையும் இந்தப் படகுப் பயணத்திலிருந்து எடுத்துவிட்டு, ட்ரோகிரில் தொடங்கி ட்ரோகிரிலேயே முடிப்பது. மாதம் உங்கள் கையில் இருந்தால் ஜூன் பிற்பாதி அல்லது செப்டம்பர் முற்பாதி. இந்தப் பரிந்துரைக்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் வானிலை மாறும்போது நீங்களே திட்டத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

இந்த ஊர்கள் ஏன் இந்த இடங்களில் இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஏட்ரியாட்டிக் கடலின் இத்தாலியக் கரை பெரும்பாலும் தாழ்ந்தும் நேராகவும் இருப்பது. காற்று திரும்பினால் ஒதுங்க இடம் குறைவு. எதிர்க்கரையான குரோஷியப் பக்கத்திலோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் கரைக்கு இணையாக வரிசை வரிசையாக நிற்கின்றன. போதாதற்குக் கடல் நீரோட்டமும் இந்தக் கிழக்குக் கரையை ஒட்டி வடமேற்காகவே ஓடுகிறது. எனவே வெனிஸுக்கும் கிழக்கு மத்தியதரைக் கடலுக்கும் இடையே போய்வந்த கப்பல்கள் இந்தத் தீவுகளின் இடைவெளிகளையே நெடுஞ்சாலையாகக் கொண்டன. துடுப்புக் கப்பல்களில் துடுப்பு வலிக்கும் ஆட்கள் அதிகம், குடிநீர் வைக்க இடம் குறைவு. அடிக்கடி கரை தொட்டே ஆக வேண்டும். 1409இல் நேப்பிள்ஸ் மன்னன் லாடிஸ்லாஸ் டால்மேஷியா மீது தனக்கிருந்த உரிமையை ஒரு லட்சம் டுகாட் பொன்னுக்கு வெனிஸுக்கு விற்றான். அதைத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்குள் கரையின் பெரும்பகுதி வெனிஸின் கைக்கு வந்து, 1797இல் அந்தக் குடியரசு வீழும்வரை அப்படியே இருந்தது. ட்ரோகிரிலும் ஹ்வாரிலும் ஷிபெனிக்கிலும் சுவர்களில் நீங்கள் காணப்போகும் சிறகுள்ள சிங்கம் அந்த ஆட்சியின் முத்திரை.

ஆகவே இந்த ஊர்கள் கடலிலிருந்து வருபவருக்கு முகம் காட்டிக் கட்டப்பட்டவை. சாலை வழியே வருபவர் ஊரின் முதுகுப்புறத்திலிருந்து நுழைகிறார். படகில் வருபவருக்குக் கிடைக்கும் முதல் ஆதாயம் இது. இரண்டாவது ஆதாயம் இதைவிடப் பெரியது, ஆனால் பலர் அதைத் தவறவிடுகிறார்கள்: மாலை ஆறு மணிக்குப் பிறகும் காலை ஒன்பது மணிக்கு முன்பும் ஊருக்குள் இருக்க முடிவது. கோடையில் பகல் முழுவதும் சுற்றுலாப் படகுகளும் பேருந்துகளும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். அவர்கள் போன பிறகு, வெயிலில் காய்ந்த சுண்ணாம்புக்கல் தரை ஆறத் தொடங்கும் வேளையில், ஊர்க்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். அந்த நேரத்தைக் கப்பல்துறையிலேயே தங்கிப் பெறுவதற்காகத்தான் படகு. தினமும் ஓர் ஊரைத் தொட்டுவிட்டு நகரும் திட்டத்தில் அது கிடைக்காது.

இனி தூரக் கணக்கு. ஸ்ப்ளிட்டிலிருந்து ஹ்வார், கோர்ச்சுலா வழியாகத் துப்ரோவ்னிக் போக ஏறத்தாழ 110 கடல் மைல். நீங்கள் சொல்லும் அளவுள்ள பாய்மரப் படகு சராசரியாக மணிக்கு 6 கடல் மைல் போகும். போக வர 220 மைல் என்றால் 36 மணி நேரத்துக்கு மேல் வெறும் ஓட்டமே ஆகிவிடும். வாடகை வாரம் என்பதும் உண்மையில் ஏழு நாள் அல்ல. பெரும்பாலான நிறுவனங்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில் படகைக் கையில் கொடுத்து, வெள்ளிக்கிழமை மாலைக்குள் தளத்துக்குத் திரும்பிவிடச் சொல்லும். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். சனிக்கிழமை சரிபார்ப்பும் மளிகை வாங்குவதுமாகப் போய்விடுவதால், கடலில் உங்களுக்குக் கிடைப்பது ஆறு நாள்.

இதில் காற்றின் திசையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் இங்கே நல்ல வானிலையின் காற்று மாஎஸ்ட்ரால். நிலம் சூடாவதால் எழும் கடற்காற்று இது, வடமேற்கிலிருந்து வரும். காலை பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கி, பிற்பகல் இரண்டுக்கும் நான்குக்கும் இடையே உச்சத்தை அடைந்து, சூரியன் சாயும்போது அடங்கிவிடும். ஸ்ப்ளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் தென்கிழக்கே இருப்பதால் போகும்போது இந்தக் காற்று முதுகில் இருக்கும், பயணம் இனிமையாகவே இருக்கும். திரும்பும்போது அதே காற்று நேரே முகத்தில் அடிக்கும். வெள்ளிக்கிழமை மாலைக் கெடு தலைக்கு மேல் நிற்க, கடைசி மூன்று நாளும் பாயைச் சுருட்டிவிட்டு இன்ஜினை ஓட்டி அலையில் மோதிக்கொண்டே வருவீர்கள். இந்த வழித்தடத்தில் மனம் கசந்து திரும்புகிற குழுக்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி மூன்று நாளில்தான் கசந்து போகின்றன.

துப்ரோவ்னிக்கைப் படகிலிருந்து விலக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புனித யோவான் கோட்டைக்கும் காஷே அலைதாங்கிக்கும் இடையிலுள்ள அந்தப் பழைய துறைமுகம், ஒரு காலத்தில் குறுக்கே சங்கிலி இழுத்து மூடப்பட்டது, உலகின் மிக அழகான சிறு துறைமுகங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்று வாடகைப் படகுகள் அங்கே இரவு தங்க முடியாது. நீங்கள் போய் நிற்க வேண்டிய மரீனா, அதாவது உல்லாசப் படகுகளுக்கான துறை, ஓம்ப்லா ஆற்று முகத்துவாரத்தின் உள்ளே கொமொலாட்ஸ் என்ற இடத்தில், பழைய நகரிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பேருந்து பிடித்துத்தான் நகரத்துக்குப் போக வேண்டும் என்றால், ஸ்ப்ளிட்டிலிருந்தே பேருந்தில் போய்விடலாம். 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்ததிலிருந்து போஸ்னிய எல்லையைக் கடக்காமலே சாலையில் போய்ச் சேர முடிகிறது. படகுக்கு முன்போ பின்போ இரண்டு நாள் ஒதுக்கித் தரைவழியாகப் பாருங்கள். 1377இலேயே, கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருவோர் நகருக்குள் நுழையுமுன் முப்பது நாள் வெளியே தனித்திருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றிய ஊர் அது. 1667 நிலநடுக்கத்தில் இடிந்து எழுந்த ஊர். 1991–92 முற்றுகையில் குண்டடிபட்டுக் கூரைகளைத் திரும்ப வேய்ந்துகொண்ட ஊர். அவசரமாக அரை நாளில் பார்ப்பது அதற்குச் செய்யும் மரியாதை அல்ல.

இனி நான் சொல்லும் வழி. ட்ரோகிரில் படகு எடுங்கள். ஸ்ப்ளிட் விமான நிலையம் உண்மையில் ட்ரோகிருக்குத்தான் அருகில் இருக்கிறது. பெருநிலத்துக்கும் சியோவோ தீவுக்கும் நடுவே ஒரு சிறு தீவின் மீது முழு ஊரும் அடங்கியிருக்கிறது. விஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர் நிறுவியது, 1997 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. தூய லாரன்ஸ் பேராலயத்தின் மேற்கு வாசலை 1240இல் ரதோவான் என்ற சிற்பி செதுக்கினார். அவருடைய பெயர் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. ஆதாமும் ஏவாளும் இருபுறமும் சிங்கங்களின் மீது நிற்க, அவர்களுக்குப் பின்னால் மாதங்களின் வேலைகள் ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. காலை எட்டு மணிக்குப் போனால் அதன் முன் தனியே நிற்கலாம்.

ஸ்ப்ளிட்டைப் படகு எடுப்பதற்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். கோடையில் ட்ரோகிரிலிருந்து சிறு பயணிகள் படகு போகிறது. அதில் போனால் ரோமப் பேரரசன் தியோக்ளேஷியன் கி.பி. 305 வாக்கில் ஓய்வுக்காலத்துக்கென்று கட்டிய அரண்மனையின் தென்முகத்தைக் கடலிலிருந்து பார்க்கலாம். இன்று அதன் முன் பனைமரங்களும் உணவகங்களும் நிற்கும் அகன்ற கடற்கரைச் சாலை பிற்காலத்தில் மண் நிரப்பி உண்டாக்கியது. அன்று அலை அரண்மனைச் சுவரிலேயே வந்து மோதியது. தெற்கு வாசல் நேரே தண்ணீரில் திறந்தது. அந்தக் கல்லில் பெரும்பகுதி எதிரே தெரியும் பிராச் தீவில் வெட்டிக் கடல் வழியே கொண்டுவரப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ட்ரோகிரிலிருந்து கிளம்பி, ஷோல்டாவுக்கும் பிராச்சுக்கும் இடையிலுள்ள குறுகிய வாயிலைக் கடந்து, ஹ்வார் தீவின் வடக்கே ஆழமாக உள்வாங்கியிருக்கும் குடாவின் கோடியில் ஸ்டாரி கிராட் போய்ச் சேருங்கள். இந்த வட்டாரத்தில் ஒரே ஓர் ஊரில் இரண்டு இரவு தங்கலாம் என்றால் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். கி.மு. 384இல் ஏஜியன் கடலின் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர் ஃபாரோஸ் என்ற பெயரில் நிறுவிய குடியிருப்பு இது. ஊருக்குப் பின்னே விரியும் சமவெளியை அவர்கள் சுமார் 900 மீட்டர் நீளமும் 180 மீட்டர் அகலமும் உள்ள மனைகளாக அளந்து, கல்லடுக்குச் சுவர்களால் பிரித்துக்கொண்டார்கள். இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்த எல்லைகள் பெரிதும் அப்படியே இருக்கின்றன. அதே நிலத்தில் இன்றும் திராட்சையும் ஆலிவும் விளைகின்றன. 2008இல் இந்தச் சமவெளி முழுவதும் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. கரையிலேயே வாடகைச் சைக்கிள் கிடைக்கும். வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம் அந்தச் சுவர்களுக்கு இடையே ஓட்டிப் பாருங்கள். சுண்ணாம்பு பூசாமல், சாந்து வைக்காமல், வயலிலிருந்து பொறுக்கிய கற்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி அடுக்கிய சுவர்கள், சில இடங்களில் ஆளுயரமும் ஒரு வண்டி போகும் அகலமும் கொண்டவை.

ஊருக்குள் 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பேட்டர் ஹெக்டோரோவிச் தமக்காகக் கட்டிய கோட்டை வீடு இருக்கிறது. நடுவே கடல்நீர் வந்துபோகும் மீன்குளம். அதைச் சுற்றி வளைவு மண்டபம். சுவரெங்கும் கல்வெட்டு வரிகள். இவர் இரண்டு மீனவர்களோடு மூன்று நாள் படகில் பிராச், ஷோல்டா பக்கம் போய்வந்ததைச் செய்யுளாகப் பாடி 1568இல் வெனிஸில் அச்சிட்டார். அந்த மீனவர்கள் பாடிய பாடல்களை இசைக்குறிப்போடு சேர்த்தார். நீங்கள் போகப்போகும் அதே நீர்வழியில் இன்பத்துக்காகப் படகேறிப் போனவர் ஒருவர் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இருந்திருக்கிறார் என்பதை அறிந்து அந்த வீட்டுக்குள் நுழைவது வேறொரு மகிழ்ச்சி.

அடுத்து ஹ்வார் நகரம். இங்கே என் ஆலோசனை, ஊர்த்துறையில் இடம் தேடாமல், எதிரே பாக்லெனி தீவுக்கூட்டத்தில் உள்ள பல்மிஜானா மரீனாவில் படகைக் கட்டிவிட்டு, அங்கிருந்து டாக்சிப் படகில் ஊருக்குப் போவது. ஊர்த்துறை தெற்கு நோக்கித் திறந்திருப்பதாலும், விரைவுப் படகுகள் ஓயாமல் வந்துபோவதாலும், அங்கே கட்டிய படகு இரவெல்லாம் ஆடும். இரண்டு இடத்திலும் விலை அதிகம். கோடை உச்சத்தில் உங்கள் அளவுப் படகுக்கு ஓர் இரவு நூறு யூரோவைத் தாண்டிவிடும். ஆனாலும் ஹ்வாரை விடச் சொல்ல மாட்டேன், அதன் ஆயுதசாலை மாடியில் உள்ள நாடக அரங்கம் ஒன்றுக்காகவேனும். கீழ்த்தளம் வெனிஸின் போர்க்கலங்களைப் பழுதுபார்க்க இழுத்து ஏற்றிய கூடம். மேல்தளத்து அரங்கின் வாசலில் லத்தீனில் ‘சமாதானத்தின் இரண்டாம் ஆண்டு, 1612’ என்று பொறித்திருக்கிறது. அது போருக்குப் பிந்தைய சமாதானம் அல்ல. அதற்கு முந்தைய நூற்றாண்டில் மத்தியா இவானிச் தலைமையில் பெரும் கிளர்ச்சியாக வெடித்து, அதன் பின்னும் புகைந்துகொண்டிருந்த பிரபுக்கள், பொதுமக்கள் பகை ஓய்ந்ததைக் குறிப்பது. இரு சாராரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து நாடகம் பார்த்தார்கள். இரவுக் கேளிக்கைக்குப் பேர்போன இந்த ஊருக்கு வருபவர்களில் மிகச் சிலரே அந்தப் படியேறுகிறார்கள்.

அங்கிருந்து விஸ் தீவுக்கு அரை நாள் ஓட்டம்தான். மாஎஸ்ட்ரால் சீராக வீசினால் பக்கவாட்டுக் காற்றில் இந்த வாரத்தின் மிக நல்ல பாயோட்டம் இங்கே அமையும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரை ஆண்ட தியோனிசியஸ் நிறுவிய இஸ்ஸா என்ற கிரேக்கக் குடியிருப்பு இதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் யூகோஸ்லாவியக் கடற்படையின் தளமாகி, 1989 வரை வெளிநாட்டார் கால்வைக்க முடியாத தீவாக இருந்தது. அந்த மூடலால் பெரிய விடுதிகள் எழவில்லை, இளைஞர் பலர் பிழைப்புக்கு வெளியேறினார்கள், ஊர் பழைய உருவில் நின்றுவிட்டது. குடாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிரிரோவோ முனையில் உள்ள பிரான்சிஸ்கன் மடத்தின் சுவர் ஒரு பக்கம் அரைவட்டமாக வளைந்திருப்பதைக் கவனியுங்கள். அது ரோமானிய நாடக அரங்கத்தின் அடித்தளத்தின் மேல் எழுந்த மடம். மலைமேல் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் கோட்டை, ஊரின் ஓரத்தில் கிரேக்கர் கல்லறைத் தோட்டம், கடலுக்கடியில் 1866ஆம் ஆண்டுப் போரில் ஆஸ்திரியர் மோதி மூழ்கடித்த இத்தாலியப் போர்க்கப்பல். இவ்வளவும் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஒரு சிற்றூரைச் சுற்றி இருக்கின்றன.

தீவின் மேற்கே உள்ள கொமிஜாவுக்குப் பேருந்தில் போய்வரலாம். அந்தக் குடா மேற்குக்குத் திறந்தது என்பதால் படகை விஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. கொமிஜா மீனவர்கள் 42 கடல் மைல் தொலைவில் நடுக்கடலில் உள்ள பலாக்ருஜா தீவுக்கு மத்தி மீன் பிடிக்கப் போனார்கள். அந்தச் சிறு தீவின் கரையில் எல்லாப் படகுக்கும் இடம் இல்லாததால், முதலில் போய்ச் சேருவதற்குப் போட்டி போட்டுத் துடுப்பு வலித்தார்கள். அதற்கென்றே அவர்கள் கட்டிய ஃபல்குஷா என்ற படகின் விலாப்பலகைகளைக் கழற்றி மாட்டலாம். பாய் விரித்து ஓடும்போது பலகையைப் பொருத்தி விளிம்பை உயர்த்துவார்கள். காற்று விழுந்து துடுப்பு போடும்போதும் வலை இழுக்கும்போதும் கழற்றிவிட்டு விளிம்பைத் தாழ்த்திக்கொள்வார்கள். கரைக்கோட்டைக்குள் இருக்கும் மீனவர் அருங்காட்சியகத்தில் இந்தப் படகின் அமைப்பை அருகே நின்று பார்க்கலாம்.

விஸ்ஸிலிருந்து வெள்ளிக்கிழமை ட்ரோகிருக்குத் திரும்பும் தூரம் சுமார் 30 கடல் மைல். காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். அன்று பிற்பகல் எல்லாப் படகுகளும் எரிபொருள் நிரப்ப ஒரே துறையில் வரிசை கட்டும். மூன்று மணிக்குமேல் போய்ச் சேர்ந்தால் இரண்டு மணி நேரம் அங்கேயே நிற்க நேரலாம்.

துறையில் படகு கட்டும் முறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு நாட்டில் பழகியவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள். இந்தக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. ஆகவே படகின் பின்புறத்தைக் கரைக்குக் காட்டி, கரையிலிருந்து ஓர் எட்டுத் தூரத்தில் கட்டுகிறார்கள். முன்புறத்தைப் பிடித்து வைப்பது முரிங் என்னும் கயிறு. கடலடியில் கனமான காங்கிரீட் கட்டையில் அது கட்டப்பட்டிருக்கும். அதன் மெல்லிய நுனி கரையில் இருக்கும். நீங்கள் பின்னோக்கி மெல்ல வரும்போது கரையில் நிற்கும் பணியாளர் அந்த நுனியைத் தூக்கிக் காட்டுவார். கொக்கிக்கழியால் அதைப் பற்றி, படகின் விளிம்போரமாக முன்னே நடந்து, தடித்த கயிறு வரும்வரை இழுத்து, முனையில் இறுக்கிக் கட்ட வேண்டும். கயிறெல்லாம் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும். வெறுங்கையால் பிடித்தால் உள்ளங்கை கிழியும், கையுறை கட்டாயம். அதற்கு முன்பே, காற்று வரும் பக்கத்துப் பின்கயிறு கரைக்குப் போய்விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் படகு பக்கத்துப் படகின் மேல் சாய்ந்துவிடும். கயிறு தண்ணீரில் தளர்ந்து கிடக்கும் அந்த அரை நிமிடம் இன்ஜினின் கியர் நடுநிலையில் இருந்தாக வேண்டும். படகை உந்தும் விசிறியில் முரிங் சிக்கினால் மூழ்காளியை அழைப்பதைத் தவிர வழியில்லை. முதல் நாள் மாலை, காற்று அடங்கிய பிறகு, தளத்திலேயே இதை இரண்டு மூன்று முறை பழகிக்கொள்ளுங்கள். எட்டுப் பேரில் யார் எந்தக் கயிறு என்பதை அப்போதே பிரித்துக்கொள்ளுங்கள்.

கோடையில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் பிற்பகல் இரண்டு மணிக்குள் துறையில் இருக்க வேண்டும். மரீனாக்கள் படகின் விஎச்எஃப் வானொலியில் 17ஆம் அலைவரிசையில் பதில் சொல்லும். நங்கூரம் போட்டுத் தங்குவதானால் மணல் தரையைப் பார்த்துப் போடுங்கள்; கரும்பச்சைத் திட்டுகளாகத் தெரிவது போசிடோனியா கடற்புல். அதில் நங்கூரம் சரியாகப் பிடிக்காது என்பதோடு, பிய்ந்துபோன புல்வெளி மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வானிலையில் மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள். பூரா என்பது வடகிழக்கே மலையிலிருந்து சரிந்து விழும் குளிர்ந்த வறண்ட காற்று. வானம் தெளிவாக இருக்கும்போதே திடீரென்று அடிக்கும். மலையுச்சியில் தொப்பி போல மேகம் படிவதே பெரும்பாலும் அதன் முன்னறிவிப்பு. யூகோ தென்கிழக்கிலிருந்து வருவது. ஓரிரு நாள் எடுத்துக்கொண்டு வலுப்பெறும், ஈரமும் மழையும் பெரிய அலையும் கொண்டுவரும். இது வந்தால் ஹ்வார் ஊர்த்துறையில் நிற்கக் கூடாது. மூன்றாவது நெவேரா, கோடைப் பிற்பகலில் மேற்கிலிருந்து இடிமுழக்கத்தோடு வரும் சூறை. பெரும்பாலும் சிறிது நேரமே நீடித்தாலும் நங்கூரத்தைப் பெயர்த்துவிடும் வலு உள்ளது. குரோஷிய வானிலைத் துறையின் கடல் முன்னறிவிப்பைக் காலையும் மாலையும் பாருங்கள். கடலில் ஆபத்து என்றால் 16ஆம் அலைவரிசை, தொலைபேசியில் 195.

பத்து நாளோ இரண்டு வாரமோ கிடைத்தால் நிச்சயம் கோர்ச்சுலா வரை போங்கள். பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்துக்கு எதிரே, சிறு முனையொன்றின் மேல் மதில் சூழ அமைந்த ஊர். நடுவே ஒரே முதுகெலும்புத் தெரு, அதிலிருந்து இருபுறமும் மீன்முள் போலப் பிரியும் சந்துகள். மேற்குப் பக்கச் சந்துகள் நேராக இருக்கின்றன, கோடையின் மாஎஸ்ட்ரால் உள்ளே வரட்டும் என்று. கிழக்குப் பக்கத்தவை வளைந்திருக்கின்றன, குளிர்காலப் பூரா நேரே புகாதிருக்க. நீங்கள் பாயைத் திருப்பிக்கொண்டு வந்த அதே காற்றுகளைக் கணக்கிட்டு ஒரு முழு ஊரையும் வரைந்திருக்கிறார்கள். படகு கட்டும் இடத்துக்கும் அதே கணக்குதான்: மேற்குத்துறையில் மாஎஸ்ட்ரால் அலை அடிக்கும், மரீனா கிழக்குப் பக்கம் மதிலின் நிழலில் இருக்கிறது. 1298இல் இந்தக் கடற்பரப்பில்தான் ஜெனோவா வெனிஸின் கடற்படையைத் தோற்கடித்தது. மார்கோ போலோ பிறந்த வீடு என்று காட்டப்படுவதற்கு உறுதியான சான்று இல்லை. அங்கே நிற்கும் நேரத்தை மதிலோரமாக நடப்பதற்குச் செலவிடலாம்.

ஒரு வாரமே உள்ளது, ஹ்வாரின் கூட்டமும் வேண்டாம் என்றால், ட்ரோகிரிலிருந்து வடமேற்கே ஷிபெனிக் போகலாம். கடலிலிருந்து பார்த்தால் அந்த ஊர் தெரியவே தெரியாது. ஒரு திட்டின்மேல் முக்கோணமாக எழும் 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் கோட்டையைக் கடந்து, பாறைகளுக்கு நடுவே குறுகலான புனித அந்தோணி கால்வாயில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனால், நீர்ப்பரப்பு திடீரென்று அகன்று எதிரே மலைச்சரிவில் முழு ஊரும் நிற்கும். துறையோரத்திலேயே 1431 முதல் 1535 வரை, செங்கல்லும் மரமும் சேர்க்காமல் கல்லாலேயே கட்டிய தூய யாக்கோபு பேராலயம். கூரைகூட ஒன்றோடொன்று கோத்த கற்பலகைகளால் ஆனது. பின்புறச் சுவரில் அக்கால மனிதர்களின் 71 முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சிரிப்பவர், முறைப்பவர், தூங்கி வழிபவர் என்று ஒன்றுபோல் ஒன்று இல்லை. இந்த வழியில் ரோகோஸ்னிட்சாவுக்கு அருகே உள்ள ப்ளோச்சா முனையை மட்டும் காற்று ஏறுமுன் கடந்துவிடுங்கள், அங்கே அலைகள் குழம்பும்.

ஜூலைக் கடைசியையும் ஆகஸ்டையும் தவிர்க்கச் சொல்வது வெயிலுக்காக மட்டும் அல்ல. இடத்துக்கும் விலைக்கும் நெரிசலுக்கும் சேர்த்துத்தான். மாஎஸ்ட்ரால் அந்த இரண்டு மாதங்களில்தான் மிகச் சீராக வீசும் என்பது உண்மை. ஆனால் ஜூன் பிற்பாதியில் பகல் நீளம், துறையில் இடம் உண்டு. செப்டம்பர் முற்பாதியில் கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், யூகோ ஓரிரு முறை எட்டிப்பார்க்கலாம், அதற்கு ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கன் பகுதிக்குள்ளும் யூரோவுக்குள்ளும் வந்துவிட்டதால், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. கோடைக்கு நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். படகில் ஒருவரிடமேனும் குரோஷியக் கடல்துறை ஏற்கும் படகோட்டிச் சான்றிதழும் விஎச்எஃப் வானொலிச் சான்றிதழும் இருக்க வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே அதன் நகலை வாடகை நிறுவனத்துக்கு அனுப்பி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஏறும் ஒவ்வொருவர் பெயரும் பயணிகள் பட்டியலில் இருக்க வேண்டும். வாடகைக்கு வெளியே பாதுகாப்புத் தொகை, இறுதிச் சுத்தக் கட்டணம், தங்கல் வரி, எரிபொருள், துறைக்கட்டணம் ஆகியவை தனி.

உங்களில் எவருக்கும் இந்தக் கடலில் படகோட்டிய பழக்கம் இல்லையென்றால் உள்ளூர்ப் படகோட்டி ஒருவரை அமர்த்துவதே சரி. அவருக்குத் தனி அறையும் உங்களோடு சாப்பாடும் கொடுக்க வேண்டும் என்பதால், எட்டுப் பேரோடு ஒன்பதாவது ஆளுக்கும் சேர்த்துப் படகின் அளவைத் தேர்ந்தெடுங்கள். நான்கு அறைப் படகு போதாது, ஐந்து அறை வேண்டும். வந்து ஏறியதும் உங்கள் ஊர்ப்பட்டியலை அவரிடம் நீட்டாமல், எந்தெந்த ஊரில் இரவு தங்க விரும்புகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லி, எந்த நாளில் எது என்பதை அவர் காற்றைப் பார்த்து முடிவுசெய்ய விடுங்கள்.